பதினான்காவது தட்டு

முதல் பத்துத் தட்டும் மணிக்கட்டிலிருந்து. தூங்கப்போகும் குழந்தையின் முதுகில் தட்டுகிறோமே, அந்த அளவு. அடுத்த பத்து முழங்கையிலிருந்து. கதவைத் தட்டும் கனம். கடைசிப் பத்து தோளிலிருந்து, ஓங்கி. குல்மார்க்கில், அஃபர்வத் மலையின் தோளில், எங்கள் வழிகாட்டி மண்வாரியின் தகட்டை ஒரு பனித்தூணின் தலையில் கவிழ்த்து வைத்து இந்தக் கணக்கில் தட்டிக்கொண்டிருந்தார். முப்பது சென்டிமீட்டருக்கு முப்பது சென்டிமீட்டர், சதுரத் தூண். அதற்காக இடுப்பளவு குழி தோண்டி, பக்கங்களைக் கயிற்றால் அறுத்து, சுவரிலிருந்து பிரித்து நிறுத்தியிருந்தார். வாய்விட்டு எண்ணினார். பன்னிரண்டு வரை ஒன்றுமில்லை. பதின்மூன்றில் தூணின் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு. பதினான்கு.

தூணின் மேல்பாதி அப்படியே முன்னால் நழுவி என் பூட்ஸ் மேல் விழுந்தது. நொறுங்கவில்லை. கத்தி வைத்து வெட்டிய பர்பி போல ஓரம் கூர்மையாக இருந்தது.

"கையை விட்டுப் பாருங்க சார்" என்றார், நழுவிய இடத்தைக் காட்டி. அவர் பேசியது இந்தி. என் காதில் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. கையுறையைக் கழற்றி விரலை விட்டேன். ரவை. உப்புமாவுக்கு வறுத்து வைத்த ரவை விரலிடுக்கில் எப்படி ஓடுமோ அப்படி ஓடியது. உருண்டை பிடிக்கப் பார்த்தேன், பிடிபடவில்லை. மேலே இருந்த பனி கட்டித்தட்டிப்போய் அழுத்தமாக இருந்தது. அடியில் இருந்ததோ ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாத மணிகள். அந்தக் கட்டி முழுவதும் இந்த ரவையின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. நாங்களும்தான்.

திரும்பிவிட்டோம். கேபிள் கார் கொண்டுவிட்ட இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஏறிய ஏற்றம், நல்ல வெயில், கீழே ஆள் கால் படாத வெள்ளைப் பள்ளத்தாக்கு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த வழியே. கூட வந்த நண்பருக்கு பெங்களூரில் வேலை, பனிச்சறுக்கில் பைத்தியம். இந்த ஒரு வாரத்துக்காக வருஷம் முழுக்க விடுப்பைச் சேர்த்து வைத்தவர். முகம் தொங்கிவிட்டது. சற்று நேரத்தில் மூன்று பேர் எங்களைத் தாண்டி மேலே போனார்கள். நாங்கள் விட்டு வந்த அதே சரிவில் ஒருவர் பின் ஒருவராகச் சறுக்கி இறங்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் போட்ட உற்சாகக் கூச்சல் எங்களுக்குக் கேட்டது.

அந்தக் கூச்சலைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விவகாரம். நம்மிடம் பனிக்கு ஒரே சொல். மார்கழி விடியலில் கோலத்தின் மேல் இறங்குவதும் பனி, ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்துப் புல்லை வெளுக்க வைப்பதும் பனி, அஃபர்வத்தில் ஆள் உயரத்துக்குக் கிடப்பதும் பனி. ஆண்டை ஆறாகப் பிரித்தவர்கள் அதில் இரண்டு பங்கை முன்பனி, பின்பனி என்று இதற்கே எழுதிவைத்தார்கள். என்றாலும் அவர்கள் கண்டது புல்நுனியில் நிற்கும் நீரைத்தான். குறையாகச் சொல்லவில்லை. நெல் விளையும் ஊரில் இருப்பவனுக்கு அத்தனை சொல் எதற்கு? பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல் என்ற பொருளும் உண்டு, குளிராலும் சரி, அச்சத்தாலும் சரி. அந்தப் பொருளை நாம் எங்கேயோ தவறவிட்டுவிட்டு, கண் பனிப்பதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு இன்னொரு சொல்தான் முக்கியமாகப்படுகிறது: சரிவு. மலையின் பக்கம் நின்றுகொண்டிருந்தால் அதற்குப் பெயர் சரிவு. அது விழுந்தால் அதற்கும் பெயர் சரிவு. 'பனிச்சரிவில் நடந்தார்கள்' என்றும் எழுதலாம், 'பனிச்சரிவில் இறந்தார்கள்' என்றும் எழுதலாம். இடத்துக்கும் நிகழ்ச்சிக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோமே, இது என்ன மொழிவறுமை என்று ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. மலையில் ஒரு வாரம் இருந்த பிறகு அப்படித் தோன்றவில்லை. நிற்பதற்கும் விழுவதற்கும் நடுவே அங்கே இருப்பது ரவைமணி கனம்தான்.

விழுந்த பனி சும்மா கிடப்பதில்லை. தரை, பனிப்போர்வைக்கு அடியில், ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியிலேயே இருக்கும். மேல்பரப்பு இரவில் மைனஸ் 15 என்று வைத்துக்கொள்வோம். பனி ஒரு மீட்டர் கனம் இருந்தால் அந்த 15 டிகிரி வித்தியாசம் ஒரு மீட்டரில் பரவி நிற்கும். அதே குளிரில் பனி 30 சென்டிமீட்டர்தான் என்றால், மீட்டருக்கு 50 டிகிரி என்ற செங்குத்தான கணக்காகிவிடும். மீட்டருக்குச் சுமார் 10 டிகிரியைத் தாண்டினாலே உள்ளே வேலை ஆரம்பித்துவிடும். இட்லிப் பானையில் நடப்பதுதான். அடியிலிருந்து ஆவி எழும்பி மூடியின் உட்புறத்தில் படிவதுபோல, கீழ்மணியிலிருந்து கிளம்பும் நீராவி மேல்மணியின் அடிப்பக்கத்தில் உறைகிறது. உறைந்து உறைந்து உருண்டை மணிகள் பட்டை தீட்டிய மணிகளாகின்றன. இன்னும் நாளானால் கிண்ணம் கவிழ்த்ததுபோல வரிவரியாகக் குழிந்த பெரிய படிகங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நகைக்கடை போல இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டாது.

ஆகவே பனி குறைந்த ஆண்டுதான் பயப்பட வேண்டிய ஆண்டு. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாள் கடுங்குளிருக்குச் சில்லாய் கலான் என்று பெயர். அந்த நாற்பதில் பனி கொட்டினால் ஊர் நிம்மதி அடைகிறது. ஓடையில் தண்ணீருக்கு உத்தரவாதம், தோட்டத்து ஆப்பிளுக்கு நல்லது. பனி கொஞ்சமாகப் பெய்து வானம் வெளுத்துவிட்டால், சுற்றுலா வந்தவன் வெயிலைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறான். அந்த வெயில் நாட்களின் இரவுகளில் மேகமில்லாத வானம் பனியின் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ள, அடியில் ரவை விளைகிறது. நாங்கள் போன ஆண்டும் அப்படித்தான். டிசம்பரில் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம். பிறகு மூன்று வாரம் பளீரென்ற வானம். அதற்கப்புறம்தான், மத்தியதரைக்கடல் பக்கம் கிளம்பி ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் கடந்து வரும் மழைக்காற்று பீர் பஞ்சால் மலைத்தொடரில் முட்டி, அடுத்தடுத்து இரண்டு தடவை கொட்டியது.

கொட்டியதைவிடக் காற்று செய்யும் வேலை பெரிது. ஒரு பக்கத்துப் பனியைச் சுரண்டி முகட்டின் மறுபக்கத்தில் அப்புகிறது. வானம் கொட்டும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில். வழியில் படிகங்களின் கைகால்களை உடைத்து நுணுக்கிவிடுவதால் அது மாவு போல இறுகிப் பலகையாகிறது. ரவையின் மேல் பலகை. சாப்பாட்டு மேசையில் ரவையைக் கொட்டி, அதன்மேல் கண்ணாடித் தட்டை வைத்து, மேசையை ஒரு பக்கம் தூக்கிப் பாருங்கள். எவ்வளவு தூக்க வேண்டும்? பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடையில் கிளம்புகின்றன. 38ஐ ஒட்டி மிக அதிகம். நம் வீட்டு மாடிப்படி சாய்ந்திருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த அளவு. செங்குத்துப் பாறையைப் பார்த்துத்தான் மனிதனுக்குப் பயம் வருகிறது. அங்கே பனி தங்குவதே இல்லை. விழ விழச் சிந்திவிடும். ஆளைக் கொல்வது மாடிப்படிச் சாய்வு.

சில நேரம் பனி முன்கூட்டியே ஒரு சத்தம் கொடுக்கும். நண்பர் அதைக் கேட்டிருக்கிறார், நான் கேட்டதில்லை. சமதரையில் நடக்கும்போது காலடியில் 'வும்' என்று, கிணற்றுக்குள் மூட்டை விழுந்ததுபோல. அடியிலிருக்கும் ரவை அடுக்கு நசுங்கி அதிலிருந்த காற்று வெளியேறும் ஓசை. நசுங்கல் அந்த இடத்தோடு நிற்காமல் பக்கவாட்டில் ஓடும். ஓடிப்போய் மேலே இருக்கும் சாய்வை எட்டிவிட்டால், கீழே சமதரையில் நிற்பவனே தன் தலைமேல் மலையை இழுத்துவிட்டவனாகிறான். சரிவில் சாகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், அதைக் கிளப்பிவிட்டது அவர்களோ அவர்களோடு வந்தவர்களோதான். இடி விழுவது போன்ற விதி அல்ல இது. கை வைத்தவன் மேல் விழுவது.

இப்போது அந்தக் கூச்சலுக்கு வருகிறேன்.

குழம்பில் உப்பு கூடினால் நாக்கு சொல்லிவிடும். சைக்கிள் பழகும்போது சாய்ந்தால் முட்டி சிராய்க்கும். தவறு செய்த கையோடு அடி விழும். அடி விழ விழக் கை பழகும். அனுபவம் என்று நாம் கும்பிடுவது இந்தக் கணக்கைத்தான். பனி அப்படிச் சொல்லித்தருவதில்லை. பெரும்பாலான சரிவுகள் பெரும்பாலான நாட்களில் விழாமல் நிற்கும். பலவீன அடுக்கும் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. இங்கே பதினான்கு தட்டில் போனது பத்து மீட்டர் தள்ளி இருபத்தைந்து வரை தாங்கலாம். பலகை தடித்த இடத்தில் ஆளின் கனம் ரவை வரை இறங்காது. ஒரு பாறையை ஒட்டி அது மெலிந்துபோன இடத்தில் கால் பட்டால் முடிந்தது. இருபது பேர் இறங்கிய சரிவு இருபத்தோராவது ஆளுக்கு விழுந்ததுண்டு. முதல் இருபது பேரும் மெலிந்த இடத்தை ஒரு முழம் தள்ளிக் கடந்திருப்பார்கள், அவ்வளவுதான். அவர்கள் கெட்டிக்காரர்களாகத்தான் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

தப்பான விடைக்கும் நூற்றுக்கு நூறு போட்டு அனுப்பும் வாத்தியார் இந்தப் பனி. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, வருஷக்கணக்கில். பையன் தன்னைப் புத்திசாலி என்று நம்பத் தொடங்கிவிடுவான். ராபின் ஹோகார்த் என்ற உளவியலாளர் 2001இல் வந்த தன் நூலில், பாடம் சரியாகத் திரும்பிவராத இத்தகைய சூழல்களைப் 'பொல்லாதவை' என்று வகைப்படுத்தினார். ஆராய்ச்சி நூலில் இப்படி ஒரு பாட்டி வார்த்தை வந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. இயன் மெக்கேமன் என்ற அமெரிக்கர் தன் நாட்டில் 1972 முதல் 2003 வரை பொழுதுபோக்காக மலைக்குப் போனவர்களுக்கு நேர்ந்த 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்து அலசினார். அதில் என்னை உறுத்தியது ஒன்று. நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் பழகிய இடத்தில் போகும்போது, பயிற்சியே இல்லாதவர்கள் எடுக்கும் அளவுக்கு ஆபத்தை எடுத்திருக்கிறார்கள். படித்த படிப்பைப் பழக்கம் தின்றுவிட்டது. இது நமக்கும் தெரிந்த கதைதான். நாற்பது வருஷமாகக் குளிக்கிற துறை என்று சொல்லி இறங்குகிறவனுக்கு, போன கோடையில் அங்கே மணல் அள்ளிய குழி தெரிவதில்லை. ஆற்றின் மேல்முகம் மாறவே இல்லையே.

மேல்முகம் மாறாமல் அடியில் மாறியிருப்பது என்றதும் 2002–03 குளிர்காலத்தில் மேற்குக் கனடாவில் நடந்ததைச் சொல்லாமல் நகர முடியவில்லை. நவம்பரில், பனி இன்னும் மெலிசாக இருந்தபோது, மலையில் மழை பெய்தது. நனைந்த மேல்பரப்பு உறைந்து ஓடாகிவிட்டது. ஓட்டை ஒட்டி ரவை விளைந்தது. அதன் பிறகு வந்த பனியெல்லாம் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. மழை பெய்ததே ஊருக்கு மறந்துபோயிருக்கும். ஐப்பசி கார்த்திகையில் பெய்தது தை மாதம் வரை அடியில் விழித்துக்கொண்டிருந்தது. ஜனவரி 20 அன்று ரெவல்ஸ்டோக் பக்கத்தில் டுராண்ட் பனியாற்றுப் பகுதியில் ஏழு பேர் இறந்தார்கள். தேர்ந்த வழிகாட்டியுடன் போன குழு. இறந்தவர்களில் ஒருவர் கிரெய்க் கெல்லி, பனிப்பலகைச் சறுக்கில் உலகப் பட்டம் வென்றவர். அப்போது வழிகாட்டியாவதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்ள வந்தவர் என்பதுதான் என்னை அவர் பெயரில் நிறுத்துகிறது.

பன்னிரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 1 அன்று, ராஜர்ஸ் கணவாய்ப் பகுதியின் கனாட் ஓடைப் பள்ளத்தாக்கு. பத்தாம் வகுப்பு மாணவர்கள் 14 பேர், பெரியவர்கள் மூன்று பேர். அவர்கள் சரிவில் ஏறவே இல்லை. பள்ளத்தாக்கின் தரையோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரும் எதையும் கிளப்பவில்லை. கியாப்ஸ் மலையின் வடக்கு முகத்தில், வெகு உயரத்தில், தானாகவே உடைந்து இறங்கியது. மேலே இருந்த இரண்டு மலையேறிகள் பார்த்துவிட்டுக் கத்தினார்கள். கீழே ஓடிவந்து தோண்டினார்கள். ஏழு மாணவர்கள் இறந்துபோனார்கள். பத்தில் ஒன்பது என்று மேலே எழுதினேனே, அதில் சேராத அந்த ஒன்று இது.

கனடா அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. 2004இல் நாடு முழுமைக்குமாக ஒரு பனிச்சரிவு மையம் வந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை செய்த இன்னொரு காரியம். ஒவ்வொரு மலைவழியையும் அன்றைய பனியைப் பார்க்காமல், நிலத்தை மட்டும் பார்த்து, எளிது, கடினம், சிக்கல் என்று மூன்றாகப் பிரித்தார்கள். தலைக்கு மேலே எத்தனை சரிவுகள் குறிவைக்கின்றன, விழுந்தால் ஓடையில் சிக்குவோமா, ஒதுங்க இடம் உண்டா. பனி தினம் ஒரு பேச்சு பேசும். மலையின் சாய்வு நேற்றும் இன்றும் ஒன்றுதான். பொய் சொல்லும் சாட்சியை விட்டுவிட்டு, வாயே திறக்காத சாட்சியை நம்புவது.

சுவிஸ் மலைவழிகாட்டி வெர்னர் முன்ட்டர் இதை முன்பே, 1990களில், முரட்டுத்தனமாகச் சொல்லிப் பகை சம்பாதித்துக்கொண்டார். ஒரு குழியைத் தோண்டிவிட்டு முழுச் சரிவுக்கும் தீர்ப்பு எழுதாதே என்பது அவர் கட்சி. தினசரிப் பனிச்சரிவு அறிக்கையில் அன்றைய ஆபத்து நிலை இரண்டு என்றால் 40 பாகைக்குக் கீழே இரு. மூன்று என்றால் 35க்குக் கீழே. நான்கு என்றால் 30க்குக் கீழே. அவ்வளவுதான். பனிப்படிகத்தில் வாழ்நாளைக் கழித்த விஞ்ஞானிகளுக்கு இது கசந்திருக்கும். தாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்ற இடத்தில், 2,536 மீட்டர் உயரத்தில், ஒரே ஒரு மைதானத்தின் பனியை 1936 முதல் அளந்து வருகிறார்கள். அப்படிப்பட்ட பொறுமையின் முன்னால் வந்து ஒருவர், மேலே போகாதே, போதும் என்கிறார். யார் பக்கம் என்று என்னைக் கேட்டால், குழியை ரசிப்பேன், முன்ட்டர் சொன்னபடி நடப்பேன்.

ஐரோப்பா 1993இல் ஒப்புக்கொண்ட அந்த நிலைகள் மொத்தம் ஐந்து. அதில் அதிகம் பேர் சாவது ஐந்திலும் அல்ல, நான்கிலும் அல்ல, மூன்றில். நான்கு ஐந்து என்றால் ஆட்கள் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். மூன்றைப் பார்த்தால் நமக்கு ஐந்துக்கு மூன்று, அறுபது மார்க், பாஸ் என்று தோன்றுகிறது. இந்தியாவில் இந்த அறிக்கையைத் தருவது ராணுவ ஆராய்ச்சி அமைப்பின் கீழ் உள்ள நிறுவனம். 1969இல் மணாலியில் தொடங்கியது. 2020இல் பெயர் மாறியது. மாவட்டத்தின் பெயர், இத்தனை மீட்டருக்கு மேல், அடுத்த 24 மணி நேரத்துக்கு, என்று குளிர்காலம் முழுக்க வந்துகொண்டேயிருக்கும். வந்தாலும் மனிதர்கள் போகிறார்கள். இதே அஃபர்வத்தில் 2023 பிப்ரவரி 1 அன்று போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். குல்மார்க்கின் மேட்டில் 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர்.

மலைக்குக் கிளம்பும் முன் காலையில் எங்களுக்கு ஒத்திகை வைத்தார் வழிகாட்டி. மார்பில் கட்டிக்கொள்ளும் சிறு கருவி ஒன்று. 457 கிலோஹெர்ட்ஸில் துடித்துக்கொண்டே இருக்கும். அதுபோல் ஒன்றைப் பைக்குள் போட்டு எங்கேயோ புதைத்துவிட்டு, எடுங்கள் என்றார். எங்கள் கருவியில் அம்புக்குறி வலம் இடமென்று ஆட, எண் குறையக் குறைய நானும் நண்பரும் ஓடினோம். நீளக் கோலால் குத்திப் பார்த்தோம். குத்திய கோல் மெத்தென்று நின்ற இடத்தில் தோண்டினோம். எனக்கு மூச்சு வாங்கியது, காது அடைத்தது. பையை வெளியே இழுத்துப் பெருமையாகத் தூக்கிக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைக் காட்டினார். பத்தொன்பது நிமிடம்.

1994இல் நேச்சர் இதழில் சுவிட்சர்லாந்து விபத்துகளை வைத்து ஒரு கணக்கு வந்தது. புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கிறார்கள். 35ஆவது நிமிடத்தில் அது முப்பதாகச் சரிந்துவிடுகிறது. வீழ்ச்சி முழுவதும் அந்த இருபது நிமிடத்துக்குள். ஓடும்போது தூளாக ஓடும் பனி நின்ற மறுகணம் சிமென்ட் போல இறுகிவிடுவதால், உள்ளே இருப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டும். எங்கள் பை இருந்தது முழங்கை ஆழத்தில், இறுகாத பனியில்.

இந்தக் கணக்கையெல்லாம் படிக்கும்போது எனக்கு 2016 பிப்ரவரிதான் நினைவுக்கு வருகிறது. பனிச்சரிவு என்ற சொல்லை நான் நின்று படித்தது அந்த வாரம். 3ஆம் தேதி, சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் சோனம் காவல்முகாம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். புதைந்து ஆறு நாள் ஆன பிறகு, சுமார் 25 அடி தோண்டி, தார்வாட் மாவட்டத்து ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். முப்பத்தைந்து நிமிடம் என்ற கணக்கைக் கூடாரத்துக்குள் அகப்பட்ட கொஞ்சம் காற்று ஆறு நாளாக நீட்டியிருந்தது. நாடே வேண்டிக்கொண்டது. 11ஆம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார். அந்தப் பத்துப் பேரின் முகாமும் பனியின் மேல்தான் இருந்தது. ஆனால் 'இன்றைக்கு வேண்டாம், திரும்பிவிடலாம்' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. குரேஸிலும் தங்தாரிலும் வீட்டுக்கு மேலேயே சரிவை வைத்துக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கும் குடும்பங்களுக்கும் இல்லை. காசு கொடுத்துப் போய், குழி தோண்டி, தட்டிப் பார்த்து, பிடிக்கவில்லை என்று இறங்கி வருவது எப்பேர்ப்பட்ட சொகுசு என்று அன்று நண்பரிடம் சொல்லிப் பார்த்தேன். தொங்கிய முகம் நிமிரவில்லை. நானும் அவ்வளவு நம்பிச் சொல்லவில்லை; எனக்கும் அந்தப் பள்ளத்தாக்கு வேண்டித்தான் இருந்தது.

மாலையில் தங்கியிருந்த இடத்தில் நூன் சாய் கொடுத்தார்கள். ரோஜா நிறம், உப்புச் சுவை. எனக்கு மூன்றாம் நாள்தான் நாக்கு ஒத்துக்கொண்டது. அடுத்த மேசையில் அந்த மூன்று பேர். முகமெல்லாம் வெயில் பட்டுச் சிவந்து, கைபேசியில் எடுத்த படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பையன்கள். எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். பனி பொங்கிப் பொங்கி இடுப்பு வரை எழுகிறது, சூரியன் அதில் பட்டு மின்னுகிறது. அழகு. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

வழிகாட்டியிடம் தணிந்த குரலில் கேட்டேன். "அப்ப நாம திரும்பினது தப்பா?"

கோப்பையை ஊதினார். "தெரிஞ்சுக்க ஒரு வழிதான் சார் இருந்தது."

பிறகு பெரன் என்ற தொளதொள அங்கிக்குள் கையை விட்டு ஒரு நோட்டை எடுத்தார். ஓரமெல்லாம் ஈரம் பட்டுச் சுருண்டிருந்தது. உருதுவில் கட்டம் கட்டமாக எழுதியிருந்ததை எனக்காக விரல் வைத்துப் படித்துக் காட்டினார். தேதி. இடம். சரிவு பார்க்கும் திசை. காற்று. பனியின் ஆழம். தட்டு, 14. கடைசிக் கட்டத்தில் ஒன்றுமில்லை. அது எதற்கு என்று கேட்டேன். சரிவு என்ன செய்தது என்று எழுதுவதற்கு என்றார்.

ராத்திரி பனி பெய்தது. காலையில் கீழிருந்து பார்த்தபோது அந்த மூவரின் தடங்கள் இல்லை. சரிவு யாரும் போகாத இடம்போல வெள்ளையாக இருந்தது. வழிகாட்டி காங்கிரி என்ற கணப்புச் சட்டியில் கரி நிரப்பிக்கொண்டிருந்தார். நோட்டு பக்கத்தில் திண்ணைமேல் கிடந்தது. எடுத்துப் பின்பக்கமாகப் புரட்டினேன். பல குளிர்காலங்கள். உருது தெரியாவிட்டாலும் கட்டங்கள் தெரிந்தன. ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிகள், ஒவ்வொரு வரியிலும் ஐந்தாறு கட்டங்கள் நெருக்கி எழுதி நிரம்பியிருந்தன. கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலிதான்.